முதலில் தைத்த குயில்ட் கோணிப்போனதும் இப்போது தைப்பது நேராக வருவதும் ஏன்?

பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கும் சகோதரி தான் தைத்த நான்கு குயில்ட்களை, அதாவது துணிகளை அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் போர்வைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். முதலாவது, சதுரத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப்போர்வை. மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, ஓரம் அலையலையாக நின்றது. இரண்டாவது, அம்மாவின் பழைய கைத்தறிச் சேலைகளில் தைத்தது. நாலைந்து சலவையிலேயே தையல் போன வழியெல்லாம் கிழிந்துவிட்டது. அண்மையில் முடித்தவை இரண்டு. ஒன்று பிளவுஸ் வெட்டுத்துணிகளில் ‘லாக் கேபின்’ மாதிரி. இன்னொன்று மார்கழிக் குளிருக்கென்று ஒற்றைக் கட்டில் அளவில், நடுவில் பழைய படுக்கை விரிப்பை வைத்துத் தைத்தது. இவை இரண்டும் தட்டையாக, நேராக வந்திருக்கின்றன. “கை பழகிவிட்டதா, இல்லை அதிர்ஷ்டமா? பழைய இரண்டையும் பிரித்துத் திரும்பத் தைக்கலாமா?” என்று கேட்கிறார். கூடவே, கல்லுப்பு போட்டால் சாயம் நிற்குமா, புது மிஷின் வாங்க வேண்டுமா என்றும் இரண்டு சின்னக் கேள்விகள். ஆனால் அவர் மனதில் இருக்கும் கேள்வி, அடுத்ததும் நன்றாக வரும் என்று எதை வைத்து நம்புவது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் வண்ணார்பேட்டைப் பக்கம் பல வருஷம் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தியவள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது பிளவுஸ், சுடிதார், பாவாடை. குயில்ட் என் சொந்த ஆசை. வகுப்பில் மிஞ்சிய வெட்டுத்துணி வீணாகிறதே என்று தொடங்கியது. அதனால் பருத்தித் துணி, சாதாரணத் தையல் மிஷின், கைத்தையல் இவற்றைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் மிஷின், வெளிநாட்டு வாடிங் (குயில்ட்டின் நடுவில் வைக்கும் பஞ்சுத் தாள்) வகைகள் இவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே மற்றவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

கை பழகியிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் நான்கு குயில்ட்களுக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசம் துணியில் இருக்கிறது. முதல் இரண்டிலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்தீர்கள். லாக் கேபினுக்கு எல்லாமே ஒரே கனமுள்ள டூ பை டூ பிளவுஸ் துணி. மார்கழிப் போர்வைக்கு எல்லாத் துணியையும் முன்பே துவைத்து இஸ்திரி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது.

முதல் குயில்ட்டை எடுப்போம். 5.5 அங்குலத்தில் வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் 5 அங்குலச் சதுரம் நிற்கும். வரிசைக்குப் 12 சதுரம், ஆக 60 அங்குலம். உங்களுக்கு ஒரு வரிசை 58.5, இன்னொன்று 61 வந்திருக்கிறது. கணக்குப் பாருங்கள். தையல் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, உள்ளே தள்ளிப் போனால் இரண்டு துண்டிலும் சேர்த்து அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, குறையும். 12 சதுரத்துக்கு நடுவில் 11 தையல். ஆக, வரிசையில் ஒன்றேகாலே அரைக்கால் அங்குலம் போய்விட்டது. ஒரு வீசம் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. தையல் வெளியே தள்ளிப் போனால் இதே கணக்கில் வரிசை நீளும். இரண்டு வரிசைகளையும் சேர்க்கும்போது மூலைகள் எப்படிச் சேரும்?

வேடிக்கை என்னவென்றால், நன்றாக பிளவுஸ் தைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கோளாறு அதிகம் வரும். பிளவுஸில் பின்னால் பிரித்துவிட வேண்டியிருக்கும் என்று அரை அங்குலம், ஒரு அங்குலம் தாராளமாக விட்டுத் தைக்கிறோம். அங்கே ஒரு வீசம் அப்படி இப்படிப் போனால் யாருக்கும் தெரியாது. என் வகுப்பில் கெட்டிக்காரப் பெண்கள்தான் குயில்ட் என்று வந்தால், “அக்கா, இது ஏன் இழுக்கு?” என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த பரீட்சை இதுதான். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டிப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டியை அளக்க வேண்டும். சரியாக 1 அங்குலம் இருந்தால் உங்கள் தையல் கால் அங்குலம். குறைந்தால் அதிகம் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைத்துப் பிடிக்கிறீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் ஓரத்தை நம்பாதீர்கள், அது மிஷினுக்கு மிஷின் மாறும். ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மிஷின் தகட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் முட்டவிட்டுத் தையுங்கள். ஒவ்வொரு புதுக் குயில்ட்டுக்கு முன்பும் இந்தப் பரீட்சையைச் செய்வது நல்லது. நூலின் கனம் மாறினாலே மயிரிழை வித்தியாசம் வந்துவிடும்.

அடுத்தது வெட்டு. சேலைத் துணியில் பாவு வழி, அதாவது நீள நூல் வழி, அவ்வளவாக இழுபடாது, ஊடை என்னும் குறுக்கு நூல் வழி கொஞ்சம் கொடுக்கும், கிராஸில், அதாவது மூலைவாக்கில், நன்றாகவே இழுபடும். சதுரம் நூல் வழியே வெட்டுப்பட்டிருந்தால் பிரச்சினை இல்லை. சற்றுச் சாய்ந்து வெட்டுப்பட்டால் அதன் நான்கு ஓரமும் பாதிக் கிராஸாகி, துணியை நகர்த்தும் மிஷின் பல்லில் மாட்டும்போதே நீண்டுவிடும். இதற்கு நம் துணிக்கடைக்காரர்கள் செய்வதே வழி. நுனியில் கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுத்து, சர்ரென்று கிழித்துவிடுங்கள். பருத்தி நூல் வழியேதான் கிழியும். கிழித்த ஓரத்தை நேர்கோடாக வைத்துக்கொண்டு மற்றப் பக்கங்களை அளந்து வெட்டலாம். மிகவும் நைந்த சேலையில் மட்டும் கிழிக்க வேண்டாம், ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குப் பிசிறிப் போகும். அங்கே ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். இஸ்திரியைத் தேய்த்து இழுக்காமல், எடுத்து எடுத்து வையுங்கள். முதல் வரிசையின் தையல் விளிம்புகளை வலப்பக்கம் சாய்த்து அழுத்தினால், அடுத்த வரிசையை இடப்பக்கம் சாய்த்து அழுத்துங்கள். இரண்டும் சேரும்போது தையல் மேடுகள் ஒன்றுக்கொன்று முட்டி நிற்கும், மூலை தானாகச் சேரும்.

ஓரம் அலையடிப்பதற்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான். நீளப் பட்டியை அளக்காமல் அப்படியே வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை வெட்டுவது. மிஷின் அடித்துணியை இழுக்கும், மேல்துணி தங்கும். அதனால் அடியில் வைத்த பட்டி உள்துணியைவிட நீளமாக உட்கார்ந்துவிடும். குயில்ட்டின் நடுவில் குறுக்கே டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்குப் பட்டியை வெட்டி, நடுப்புள்ளியையும் இரண்டு நுனிகளையும் குண்டூசியால் குத்திய பிறகே தைக்க வேண்டும். ஓரத்தில் வைத்து அளக்காதீர்கள், ஓரம் ஏற்கெனவே இழுபட்டிருக்கும்.

இரண்டாவது குயில்ட், அம்மாவின் சேலை. எழுதும்போதே உங்களுக்கு வருத்தம் என்று புரிகிறது. இதில் இரண்டு விஷயம் உறுதி. ஒன்று, பழைய பருத்தி பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே வலு போயிருக்கும். வெயிலில் காய்ந்து காய்ந்து, வியர்வை பட்டு, எப்போதோ பிளீச்சிங் பவுடரில் நனைந்து நார் உடைந்திருக்கும். அதுவும் சேலை முழுக்க ஒரே மாதிரி நைவதில்லை. கொசுவம் வருகிற இடமும் உட்கார்ந்து எழும் இடமும் முதலில் போகும். முந்தியும், உள்ளே செருகுகிற முதல் சுற்றும் பெரும்பாலும் திடமாக இருக்கும். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் தெரிந்துவிடும். சந்தேகமான இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் வைத்துச் சற்று அழுத்தி இழுங்கள். நூல் விலகினால் அந்தப் பகுதியைத் தனியே தைக்கக் கூடாது. இரண்டாவது, உங்கள் தையல் மிகவும் பொடி. மிஷினில் சிறிய தையல் வைத்து, ஒரு அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டியிருக்கிறீர்கள். நைந்த துணியில் அவ்வளவு ஊசித் துளை விழுந்தால் அது தபால்தலையின் ஓரம் போலத்தான், இழுத்த பக்கம் கிழியும். துண்டு சேர்க்க 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தையல் போதும். மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டும்போது 3 முதல் 3.5 வரை வையுங்கள். ஊசி மெல்லியதாக, 11 அல்லது 14 நம்பர் போடுங்கள். ஜீன்ஸ் தைத்துவிட்டு மாட்டியிருந்த 16 அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பாலியஸ்டர் நூல்தான் பருத்தியை அறுத்துவிட்டது என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குயில்ட் தைப்பவர்களிடையே இது பழைய வாக்குவாதம். நூல் துணியைவிடப் பலமாக இருந்தால் இழுவையில் துணிதான் தோற்கும் என்பது நியாயமாகப் படுகிறது, நானும் பழைய சேலைக்குப் பருத்தி நூலே போடுகிறேன். ஆனால் நல்ல திடமான துணியைப் பாலியஸ்டர் நூல் அறுத்து நான் பார்த்ததில்லை. உங்கள் விஷயத்தில் குற்றவாளி நூல் என்று சொல்ல மாட்டேன். ஜரிகைக் கரை பக்கத்தில் தொடங்கிய கிழிசல் வேறு கதை. கரை நெருக்கமாக நெய்தது, உடல் பகுதி தளர்வாக நெய்தது. துவைக்கும்போது இரண்டும் ஒரே அளவு சுருங்காது. கரையை வெட்டித் தனியே எடுத்துவிடுவதுதான் நல்லது. கைப்பை, தலையணை உறை என்று அதற்கு வேறு வாழ்வு உண்டு.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலை வைத்திருக்கிறேன், அதையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது, நம்ம ஊர்ப் பெருமை. ஆனால் அதில் பருத்தியோடு செயற்கைப் பட்டு நூலும் கலந்து வரும். சுத்தப் பருத்தியோடு வைத்துத் தைத்தால் இரண்டும் இரண்டு விதமாகச் சுருங்கும், இஸ்திரிச் சூட்டையும் இரண்டும் ஒரே மாதிரி தாங்காது. அந்தச் சேலையைக் கட்டுங்கள், வெட்ட வேண்டாம். கட் பீஸாக வாங்கிய துணி எது பருத்தி, எது கலப்பு என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, கரண்டியில் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகித வாடையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகிவிடும்.

இப்போது லாக் கேபின் ஏன் நன்றாக வந்தது என்று பார்ப்போம். இது அமெரிக்காவில் 1860-களில் பரவிய மாதிரி. நடுவில் ஒரு சின்னச் சதுரம், பல வீடுகளில் அது சிவப்பாக இருக்கும். அதைச் சுற்றி ஒரு பக்கம் வெளிர் நிறப் பட்டிகள், மறுபக்கம் அடர் நிறப் பட்டிகள், மர வீட்டுக் கட்டைகளை அடுக்குவது போன்ற அமைப்பு. இந்த மாதிரிக்கே ஒரு நல்ல குணம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் பட்டியைக் கட்டத்தின் அளவுக்கு வெட்டிச் சேர்ப்பதால், சேர்ந்த தவறு அங்கேயே நின்றுவிடும், அடுத்த கட்டத்துக்குப் போகாது. அதோடு உங்கள் துணி எல்லாமே டூ பை டூ. ஒரே கனம், நெருக்கமான நெசவு, கிராஸில்கூட அதிகம் இழுபடாது. டெய்லர் கடையில் மிஞ்சும் பிளவுஸ் துணிக்கு நிகரான குயில்ட் துணி நம்ம பக்கத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டுப் பூப்போட்ட குயில்ட் துணிக்காக மீட்டருக்கு நூற்றுக்கணக்கில் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

லாக் கேபினில் இன்னொரு வழி உண்டு, உங்களுக்கு அது உதவும். அந்தக் காலத்தில் பலர் பட்டிகளை ஒரு அடித்துணியின் மேல் வைத்துத் தைத்தார்கள். மல் துணியில் ஒரு சதுரம் வெட்டி, நடுச் சதுரத்தை அதன் மேல் வைத்து, பட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துத் தைத்துத் திருப்பி அழுத்த வேண்டும். இழுவை முழுவதையும் மல் துணி தாங்கும், மேலே இருக்கும் பட்டி நைந்த சேலையாக இருந்தாலும் பிழைக்கும். அம்மாவின் சேலையில் மிஞ்சியிருப்பதற்கு இதுதான் சரியான இடம். கனம் சற்றுக் கூடும், கையால் குயில்ட் செய்ய, அதாவது அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க, கொஞ்சம் சிரமமாக இருக்கும். அவ்வளவுதான் குறை.

மார்கழிப் போர்வையில் நீங்கள் செய்த நல்ல காரியம் நடுவில் பழைய படுக்கை விரிப்பை வைத்தது. நம்ம ஊரில் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும். குயில்ட் குளிர் நாட்டுக்காரர்களின் கையில் தடித்துப் போன பொருள். திருநெல்வேலியில் சித்திரை வைகாசி வெயிலுக்கு மேலே ஒரு துண்டுத் துணியே பாரம். போர்வை தேவைப்படுவது மழை பெய்யும் ஐப்பசி கார்த்திகையில், மார்கழி தையின் விடியற்காலையில், அப்புறம் ஏசி அறையில். குற்றாலச் சீசன் காற்று அடிக்கும் தென்காசிப் பக்கம் ஆனி ஆடியிலும் தேவைப்படலாம். இதற்கெல்லாம் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று மெல்லிய பருத்தித் துணி தாராளம். வங்காளத்துக் காந்தாவில் தனியாகப் பஞ்சே கிடையாது, பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டதுதான். பாலியஸ்டர் வாடிங் லேசாக, உப்பலாகப் பார்க்க அழகாக இருக்கும், துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் சூட்டை அடக்கி வைத்துக்கொள்ளும். ஏசி அறைக்குப் போடலாம், மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்கு வேண்டாம்.

இலவம்பஞ்சு போடலாமா என்று உங்கள் மாமியார் கேட்டாராம். தலையணைக்கு அதைப் போல் ஒன்று வராது. குயில்ட்டுக்கு ஆகாது. அந்த நார் வழுவழுப்பானது, மெழுகுப் பூச்சு உள்ளது, ஒன்றோடொன்று பிடித்துத் தாளாக நிற்காது. தையல் கோடுகளுக்கு நடுவே ஒரு மூலைக்கு ஓடிவிடும், தண்ணீரையும் லேசில் ஏற்காது. மெத்தைக்கடையில் அடித்துத் தரும் பருத்திப் பஞ்சையும் துவைக்கிற போர்வைக்குள் வைக்காதீர்கள். வடநாட்டு ரஜாய்க்கு அதைத்தான் போடுகிறார்கள், ஆனால் அவர்கள் ரஜாயைத் துவைப்பதில்லை. உறை மாற்றுவார்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சை அடித்துத் திரும்ப அடைப்பார்கள். நம்ம வீட்டில் போர்வையைத் துவைக்காமல் யார் விடுவார்கள்?

அடித்துணிக்குத் தனியாகத் துணி வாங்க வேண்டியதில்லை. ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் வெட்டிப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் ஒரே தையலில் 2.75 மீட்டர் நீளமும் இரண்டேகால் மீட்டர் அகலமும் கிடைக்கும். 60-க்கு 90 அங்குலப் போர்வைக்குச் சுற்றிலும் மூன்று நாலு அங்குலம் உபரி விட்டும் மிச்சம் இருக்கும். அந்த உபரி அவசியம், குயில்ட் செய்யும்போது மேல்துணி வெளியே நகரும். மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது அடித்துணியைத் தரையில் விரித்து, சுருக்கம் போக நீவி, ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். இழுத்து ஒட்ட வேண்டாம். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பி மேல்துணியில் சுருக்கம் விழும். பின்பு நடுவிலிருந்து தொடங்கி, நாலைந்து அங்குலத்துக்கு ஒரு ஊக்கு. தையலும் நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். முதல் குயில்ட்டின் பின்பக்கத்தில் விழுந்த மடிப்புகளுக்குக் காரணம், ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே போனதுதான் என்று உங்கள் விவரணையிலிருந்து தெரிகிறது. மழைக்காலத்தில் ஊக்கைக் குத்தியபடியே வாரக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள். துருக்கறை போகவே போகாது.

முன்பே துவைப்பதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. துவைக்காமல் தைத்து, முடித்த பிறகு துவைத்தால் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்து பழைய போர்வை மாதிரி மெத்தென்று இருக்கும், அதுதான் அழகு என்பது ஒரு கட்சி. அது ரசனை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அது எல்லாத் துணியும் புதிதாக இருந்தால்தான் பொருந்தும். பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்தது. புதுப் பருத்தி இன்னும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கலாம். 60 அங்குலத்தில் அது இரண்டு மூன்று அங்குலம். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புதியது பழையதைக் கவ்வி இழுக்கும். நீங்கள் கலந்து தைக்கிறவர், ஆகவே எப்போதும் துவைத்த பிறகே வெட்டுங்கள்.

கல்லுப்பு விஷயம். நம்ம ஊரில் புதுச் சுங்குடி வாங்கினால் முதல் வேலையாகக் கல்லுப்புத் தண்ணீரில் ஊற வைப்போம், வினிகர் ஊற்றுகிறவர்களும் உண்டு. சாயம் ஏற்றும் வேலையில் உப்புக்குப் பங்கு உண்டு, சாயத்தை நூலுக்குள் போகத் தூண்டும். ஆனால் ஏற்கெனவே சாயம் ஏற்றி முடித்த துணியில் பிடிக்காமல் நிற்கும் மிச்சச் சாயத்தை உப்பு கட்டிப்போடும் என்று நம்ப முடியாது. செய்ய வேண்டியது அந்த மிச்சச் சாயத்தை வெளியேற்றுவது. சோப்புத் தண்ணீரில் தனியாக ஊற வைத்து, அலசி, தண்ணீர் தெளிவாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி குயில்ட்டுக்கு வேண்டாம். சில கருஞ்சிவப்பும் கருநீலமும் எத்தனை முறை அலசினாலும் நிற்பதில்லை. தைத்து முடித்த குயில்ட்டில் சாயம் இறங்கிவிட்டால் காயவிடாதீர்கள். உடனே நிறையத் தண்ணீரும் சோப்பும் சேர்த்துத் திரும்ப ஊற வையுங்கள். காய்ந்து, அதன் மேல் இஸ்திரியும் பட்டுவிட்டால் எடுப்பது கஷ்டம்.

மிஷின் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஊஷா கால் மிஷின் நேர்தையலுக்குப் புது மிஷின்கள் பலவற்றைவிட நன்றாகவே உழைக்கும். ஒரு வாக்கிங் ஃபுட் கிடைத்தால் மூன்று அடுக்குத் தைப்பதற்கு உதவும், மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். ஆனால் எல்லா வாக்கிங் ஃபுட்டும் எல்லா மிஷினிலும் உட்காராது. மிஷின் ரிப்பேர்க்காரரிடம் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பூ, கொடி என்று வளைத்து வளைத்துத் தைக்க ஆசை வந்தால் மட்டும் பல்லை இறக்கும் வசதி உள்ள மிஷின் பற்றி யோசிக்கலாம்.

சரி, பழைய இரண்டையும் பிரிக்கலாமா? முதலாவதைப் பிரிக்காதீர்கள். குயில்ட் செய்து முடித்ததைப் பிரித்தால் துண்டுகளின் ஓரம் பிசிறி, கால் அங்குலத் தையலுக்கு இடமே மிஞ்சாது. மூலை சேராதது சேராததுதான், போர்வைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அலையடிக்கும் ஓரத்தை மட்டும் சரி செய்யலாம். சுற்றியுள்ள பட்டியை எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே பெரிய தையலாக ஒரு ஓட்டுத்தையல் ஓட்டி, தரையில் விரித்து, ஓரம் தட்டையாகும் வரை நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடுங்கள். பிறகு நேர் நூலில் வெட்டிய பட்டியை அந்த அளவுக்கே வெட்டி வைத்துத் தையுங்கள். கிராஸ் பட்டி வேண்டாம், அது திரும்பவும் நீளும். வளைந்த ஓரத்துக்குத்தான் கிராஸ் தேவை. இதனால் எவ்வளவு சரியாகும் என்பது எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் உபரி இருந்தால் முழுதாகப் போகாது, கொஞ்சம் சுருக்கம் நிற்கும்.

சேலைக் குயில்ட்டை நீங்கள் அனுமதித்தால் நான் வெட்டச் சொல்வேன். கிழிசலுக்கு மேலே ஒட்டுப் போட்டுக்கொண்டே போகலாம், ஆனால் ஒட்டுக்குப் பக்கத்தில் அடுத்த வாரம் கிழியும். திடமாக இருக்கும் பகுதிகளைப் பெரிய துண்டுகளாக வெட்டி எடுத்து, மல் அடித்துணி வைத்து லாக் கேபின் கட்டங்களாக்கினால் தொட்டில் அளவுக்கோ மடியில் போர்த்தும் அளவுக்கோ ஒன்று தேறும். தேறாத மிச்சத்துக்குக் காவந்தி என்று ஒரு வழி உண்டு. கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் தைப்பது அது. அளவும் கிடையாது, வரைபடமும் கிடையாது. அடியில் ஒரு சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து மடித்து வைத்து, வெளி ஓரம் வழியாகச் சுற்றிச் சுற்றி உள்ளே வரும் ஓட்டுத்தையல். அடுக்குகளைச் சேர்ப்பதும் அந்தத் தையலே. தையலின் நெருக்கத்தால் நைந்த துண்டும் அடித்துணியோடு ஒன்றி நிற்கும். கைத்தையலின் துளை பெரிது, ஆனால் எண்ணிக்கை குறைவு, நூலும் துணியை இறுக்காமல் தளர்வாக ஓடும். கால் அங்குலக் கணக்கில் களைத்துப் போனவர்களுக்கு இது நல்ல ஓய்வும்கூட.

முன்னேறியிருக்கிறேனா என்று எதை வைத்துப் பார்ப்பது என்பதற்கு, மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள். புகழ்கிறவர்கள் எல்லோரும் நிறத்தைப் பார்த்துத்தான் புகழ்வார்கள். புரட்டிப் போட்டு, பின்பக்கம் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு வழியும் டேப் பிடியுங்கள். 60-க்கு 90 போர்வையில் இரண்டும் 108 அங்குலத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் அது நேரான போர்வை. மூன்று சலவை முடிந்ததும் இதே இரண்டையும் திரும்பப் பாருங்கள், தீர்ப்பை அப்போது சொல்லலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் லாக் கேபின் நேராகத் தெரிகிறது, ஆனால் படத்தை வைத்துச் சொல்ல முடிவது அவ்வளவுதான். ஒவ்வொரு குயில்ட்டுக்கும் எந்தத் துணி, துவைத்ததா இல்லையா, தையல் நீளம், ஊசி நம்பர், நடுவில் என்ன வைத்தீர்கள் என்று நோட்டில் நாலு வரி எழுதி, அதே துணியில் ஒரு துண்டையும் குண்டூசியால் குத்தி வையுங்கள். மார்கழிப் போர்வையின் விவரங்கள் மறப்பதற்குள் இன்றைக்கே எழுதிவிடுங்கள். துவைக்கும்போது வெயில் படாமல், இரண்டு கொடியில் பரவலாகப் போட்டுக் காயவையுங்கள். ஒரே கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரம் நடுத்தையல்களை இழுத்துவிடும்.